பரங்கிமலையில் தொடங்கிய கணக்கு

நேற்றுக் காலை கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். காந்தி சிலை அருகே பழைய மாணவர் ஒருவர் மடக்கிக்கொண்டார். "சார், இமயமலை வருஷா வருஷம் வளருதுன்னு பாடம் நடத்துனீங்களே, அதை யாரு, எதை வெச்சு அளந்தாங்க?" முப்பது வருடம் கழித்து வந்த கேள்வி. பாடம் நடத்திய காலத்தில் நானே இதைக் கேட்டுக்கொண்டதில்லை.

பதில் தொடங்கும் இடம் இமயம் அல்ல, சென்னை. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டைச் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கினார். 57 நாள் ஆயிற்று. ஒரு கோட்டின் நீளம் துல்லியமாகத் தெரிந்துவிட்டால், அதன் இரு முனையிலிருந்தும் தூரத்துக் குன்றையோ கோபுரத்தையோ பார்த்துக் கோணம் எடுத்து, முக்கோணம் முக்கோணமாக நாட்டையே அளந்துவிடலாம். கோணம் எடுக்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. அது இங்கிலாந்திலிருந்து வந்த கப்பலைப் பிரெஞ்சுப் போர்க்கப்பல் மடக்கி, கருவியை மொரீஷியசில் இறக்கிவிட்டது. அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையோடு அனுப்பிவைத்தார்கள். (புதுச்சேரிக்காரனுக்கு இதில் கொஞ்சம் பெருமைதான்!) 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டனே ஆறு வாரம் உட்கார்ந்து சரிசெய்தார்.

அவர் அளந்தது வரைபடத்துக்காக; பூமியின் வடிவத்தை அறிவதற்காக. 1823-ல் வேலை பாதியில் இருக்கும்போதே இறந்தார். கண்டங்கள் நகர்கின்றன என்ற பேச்சே அப்போது கிடையாது.

ஆனால் மெதுவாக நகர்வதை அளக்க நல்ல கருவி மட்டும் போதாது, பழைய நல்ல அளவும் வேண்டும். 1860களில் தென்னிந்தியாவில் அளந்த சில புள்ளிகளை 1994-ல் ஆய்வாளர்கள் தேடிப்பிடித்து ஜிபிஎஸ் கொண்டு மறுபடி அளந்தார்கள். இடைத்தூரங்கள் ஏறக்குறைய மாறவே இல்லை! அதாவது தென்னிந்தியா நெளியாமல், ஒரே பலகை போல மொத்தமாக நகர்கிறது. வடகிழக்காக, ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர். நான் பிறந்த வீடு எழுபது வருடத்தில் மூன்றரை மீட்டர் போய்விட்டது. பட்டா எண் மட்டும் அப்படியே இருக்கிறது.

நெளியாத பலகை கையில் இருந்தால்தான் நெளியும் இடத்தை அளக்க முடியும். அந்த நகர்வில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் இமயத்தில் நெருக்கமாக மாறுகிறது. அடியில் பாறைகள் பூட்டிக்கொண்டிருப்பதால் வழுக்காமல், வளைத்த மூங்கில் போல அழுத்தம் சேர்கிறது. நூறு ஆண்டில் 2 மீட்டர் பாக்கி. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் ஒரு பகுதி விடுபட்டது. காத்மாண்டு சுமார் ஒன்றரை மீட்டர் தெற்கே நகர்ந்து, ஒரு மீட்டர் அளவுக்கு உயர்ந்தது. அதற்கு வடக்கே உயர்ந்த மலைப்பகுதியோ கீழே இறங்கியது. கிட்டத்தட்ட 9,000 பேர் இறந்தார்கள். "வளர்கிறது" என்று நான் ஒரே வார்த்தையில் முடித்தது தப்பு. வளைகிறது, சில நேரம் இறங்கவும் செய்கிறது.

அடுத்தது எந்த நாளில் என்று இந்த அளவு சொல்லாது. எங்கே எவ்வளவு பாக்கி சேர்ந்திருக்கிறது என்று சொல்லும். அங்கே பள்ளிக்கூடத்தை எவ்வளவு பலமாகக் கட்டவேண்டும் என்பதற்கு அது தெரிந்தாக வேண்டும்.

உங்கள் ஊர்ப்பக்கம் குன்றின் உச்சியில் வட்டமும் நடுவில் புள்ளியும் செதுக்கிய பழைய கல் இருந்தால், யாரும் பெயர்த்து எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள்.