பழைய பைனாகுலர்களும் பார்வையின் பிழையும்

பைனாகுலருக்கு அரபு மொழியில் ‘மின்ளார்’ என்று பெயர். பதினோராம் நூற்றாண்டின் அறிஞர் இப்னுல் ஹைதம் யாத்த ‘கிதாபுல் மனாளிர்’ எனும் ஒளியியல் பெருநூலின் பெயரும் இச்சொல்லும், நோக்குதல் எனும் பொருள்தரும் ஒரே வேரில் கிளைத்தவை. கண் எவ்விடங்களிலெல்லாம் பிழைபடும் என்பதை அந்நூலின் மூன்றாம் பகுதி ஆராய்கிறது. பழைய, விலையுயர்ந்த பைனாகுலர்களுள் எது தெளிவாகக் காட்டுகிறது என ஒப்பிடப் புகுவோர்க்கு அவ்வாராய்ச்சி இன்றும் வேண்டப்படுவதே. அழகும் விலையும் கண்ணை ஏமாற்றிய கால் நூற்றாண்டு ஒன்று இத்துறையில் உண்டு.

தலைகீழாக விழும் உருவை நேராக்கும் பட்டக அமைப்புக்கு இத்தாலியரான போரோ 1854இல் காப்புரிமை பெற்றார். ஆயினும், ஜெர்மனியின் யேனா நகரில் ஷாட் 1884இல் கண்ணாடித் தொழிற்கூடம் நிறுவிய பின்னரே இதற்கேற்ற தூய கண்ணாடி தாராளமாகக் கிடைத்தது. அறிஞர் அப்பேயின் வழிகாட்டலில் அந்நகரின் சைஸ் நிறுவனம் 1894இல் பட்டக பைனாகுலரை விற்பனைக்குக் கொணர்ந்தது. முன்வில்லைகள் இரண்டும் நம் கண்களைவிட விலகி நின்றமையால் காட்சியின் ஆழம் மிகுந்து தோன்றியது.

பூச்சற்ற கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கு ஒளியைத் திருப்பிவிடும். பத்துப் பரப்புகளைக் கடப்பதற்குள் மூன்றிலொரு பங்கு ஒளி தொலையும். அதில் ஒரு பகுதி உள்ளேயே சிதறிக் காட்சியை வெளிறச் செய்யும். சைஸ் கூடத்தில் பணியாற்றிய ஸ்மாகுலா 1935இல் கண்ட மென்பூச்சு இக்கேட்டைப் பெரிதும் தணித்தது. ஆகவே, 1920இல் வெளிவந்த ‘டெல்ட்ரின்டெம்’ எனும் 8×30 வகையில் பூச்சற்ற முற்காலக் கருவியையும் பூச்சுற்ற பிற்காலக் கருவியையும், பெயர் ஒன்றே என்பதற்காக ஒரே தட்டில் வைப்பது தகாது.

1960களில் வெட்ஸ்லார் நகரின் லைட்ஸ் நிறுவனம் ‘ட்ரினோவிட்’ வகையையும், மேற்கு ஜெர்மனியில் ஓபர்கோகனில் இயங்கிய சைஸ் ‘டயலிட்’ வகையையும் புதுக்கோலத்தில் வெளியிட்டன. நேர்குழாய்கள், மெலிந்த உடல், கையில் ஏந்தினாலே மனம் மயங்கும். அவற்றுள் இருந்தது கூரைப் பட்டகம். அதன் முகட்டில் ஒளிக்கற்றை இரு கூறாகப் பிளவுறுகிறது. ஒரு கூறு வலச்சரிவில் முதலிற் பட்டு இடச்சரிவுக்குச் செல்லும். மற்றொன்று முறைமாறிச் செல்லும். சரிவுகளில் முழுதும் திரும்பும் ஒளியலை, தன் அதிர்வுத் திசைக்கேற்ப முன்பின்னாக நகர்கிறது. இதனால் மீண்டும் சேரும் இரு கூறுகளும் ஒத்திசைவதில்லை. முகட்டுக்குக் குறுக்கான திசையில் நுண்வரிகள் மங்குகின்றன. பிளவில்லாத போரோ பட்டகத்துக்கோ இக்குறை இல்லை. எனவே, அக்காலத்தில் மிகுபணம் கொடுத்தவர் பெற்ற கூர்மை, பருத்த உடலுடைய நல்ல போரோக் கருவி ஒன்று தந்ததைவிடக் குறைவே என்பது நம் துணிபு.

வியப்பு யாதெனில், 1940களிலேயே ஆய்விதழ்களில் சுட்டப்பட்டுவிட்ட இக்குறைக்கு, சரிவுகளின்மேல் நுண்படலங்கள் பூசும் மருந்து சைஸ் கருவிகளில் 1988இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் கருவியைக் கையிலேந்தி நோக்கியோர்க்குக் கைநடுக்கமே குறையை மறைத்தது. முக்காலியில் நிறுத்தி, கண்வில்லையின் பின்னே சிறு தொலைநோக்கி ஒன்றையும் வைத்து நோக்கினால் குறை வெளிப்படும். ட்ரினோவிட்டின் வண்ணச் செம்மையையும் வேலைப்பாட்டையும் நாம் மறுக்கவில்லை. அவை வேறு, கூர்மை வேறு.

நோக்குவோர் கண்ணும் கணக்கில் சேரும். 7×50 கருவியிலிருந்து வரும் ஒளிக்கற்றை 7 மில்லிமீட்டர் அகலம். ஐம்பதைக் கடந்த எம்மனையோர் பலரின் கண்மணியோ இருளிலும் அத்துணை விரிவதில்லை. மிகுதி ஒளி வீண்தான்!

ஏடுகளை ஒப்புநோக்குவோர் செல்லரித்த இடத்தை ஆசிரியர் பிழையெனக் கொள்ளார். அவ்வாறே பட்டகத்தில் படிந்த எண்ணெய்ப்புகையும், வில்லைகளை ஒட்டிய பசையின் மஞ்சளும், விழுந்து நிலைபிறழ்ந்த குழாய்களும் காலத்தின் பிழைகள், ஆக்கியோன் பிழைகளல்ல. அவற்றை நீக்கிச் செப்பனிட்ட பின்னரே தீர்ப்புக்கு இடமுண்டு. அவ்வாறு செப்பனிட்ட 10×40 டயலிட் இரண்டை அருகருகே வைக்கலாம்: 1988க்குச் சற்று முந்தையது ஒன்று, பிந்தையது ஒன்று. உடலும் உருப்பெருக்கமும் ஒன்றே. பிந்தையதில் ‘பீ’ எனும் எழுத்து மட்டும் கூடுதலாகப் பொறித்திருக்கும். தொலைவிலுள்ள பெயர்ப்பலகையின் சிற்றெழுத்துகளை இரண்டாலும் மாற்றி மாற்றிப் படித்துப் பார்க்கட்டும்.