முதல் நபர் சுடும் விளையாட்டுகளின் உள்ளீட்டுக் கருவிகள்

முதல் நபர் சுடும் விளையாட்டு என்பது, கதாபாத்திரத்தின் கண் வழியாகவே களத்தைக் காட்டும் கணினி விளையாட்டு வகை. நடப்பது, திரும்புவது, குறிபார்ப்பது, சுடுவது ஆகிய நான்கையும் ஆடுபவர் ஒரே சமயத்தில் கவனிக்க வேண்டியிருக்கும். விசைப்பலகை, மவுஸ், ஜாய்ஸ்டிக், கேம்பேட் ஆகியவை இந்த வேலைகளை இரு கைகளுக்கும் வெவ்வேறு விதமாகப் பிரித்துக் கொடுக்கின்றன. 1990களின் விளையாட்டுகள் அன்று வீடுகளில் இருந்த கருவிகளை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டன. எனவே அவற்றை இன்று ஆடக் கருவி தேடுபவர், அந்த விளையாட்டு பார்வையை எத்தனை திசைகளில் திருப்பச் சொல்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

விசைப்பலகைக் காலம்

இவ்வகையின் முன்னோடியான 'மேஸ் வார்' 1973-74இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் இம்லாக் கணினியில் உருவானது. அதில் ஒரு விசையை அழுத்தினால் பார்வை 90 பாகை திரும்பும். அந்தக் கட்டம்கட்டமான உலகுக்கு விசைகளே போதுமானவையாக இருந்தன. அடாரி நிறுவனத்தின் 'பேட்டில்சோன்' (1980) இரண்டு ஜாய்ஸ்டிக்குகளைப் பீரங்கி வண்டியின் இரு சங்கிலிச் சக்கரங்களுக்கான நெம்புகோல்களாக்கியது.

இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி'யை 1992 மே மாதத்திலும், 'டூம்' விளையாட்டை 1993 டிசம்பரிலும் வெளியிட்டது. இரண்டிலும் அம்புக்குறி விசைகளால் நடந்து திரும்பி, கண்ட்ரோல் விசையால் சுட்டு, ஸ்பேஸ் விசையால் கதவைத் திறக்க வேண்டும். டூமில் மேலும் கீழும் பார்க்க வழியில்லை. எதிரி மேடைமேல் நின்றாலும், அவன் இருக்கும் பக்கம் திரும்பிச் சுட்டால் குண்டின் உயரத்தை விளையாட்டே சரிசெய்துகொள்ளும். ஆக, குறிபார்ப்பது என்பது இடம் வலமாகத் திரும்புவது மட்டுமே.

அந்தத் திருப்பத்துக்கும் வேக வரம்பு உண்டு. டூமின் கடிகாரம் நொடிக்கு 35 முறை துடிக்கிறது. அம்புக்குறியை அழுத்திய முதல் சில துடிப்புகளில் பார்வை மெதுவாகத்தான் நகரும். அதனால்தான் விசையை லேசாகத் தட்டி நுணுக்கமாகக் குறிவைக்க முடிகிறது. ஓடும் நிலையில் முழு வேகம் பிடித்த பிறகும் நொடிக்குச் சுமார் 246 பாகைதான் திரும்பலாம். முதுகுப்பக்கம் வந்த எதிரியை நோக்கித் திரும்ப முக்கால் நொடிக்கு மேல் பிடிக்கும். மவுஸுக்கு இந்த வரம்பு இல்லை. மணிக்கட்டின் ஒரே அசைவில் பார்வை பின்னோக்கித் திரும்பிவிடும்.

டூமில் முன்னோக்கி ஓடும் விசையையும் பக்கவாட்டில் நகரும் விசையையும் சேர்த்து அழுத்தினால் இரண்டு வேகங்களும் கூடி, நேராக ஓடுவதைவிடச் சுமார் 28 விழுக்காடு அதிக வேகம் கிடைக்கும். விளையாட்டை மிகக் குறைந்த நேரத்தில் முடிக்கப் போட்டியிடும் ஆட்டக்காரர்கள் இந்த நுட்பத்தின்மீது ஒரு தனிக் கலையையே வளர்த்தெடுத்திருக்கிறார்கள்.

மவுஸின் எழுச்சி

டூமிலும் மவுஸ் இயங்கியது. ஆனால் அதை முன்னே தள்ளினால் கதாபாத்திரம் முன்னே நடந்துவிடும். இந்தத் தொல்லையைத் தடுக்கவே 'நோவெர்ட்' என்ற சிறு நிரல் டாஸ் இயங்குதளக் காலத்தில் புழங்கியது. மவுஸால் எல்லாத் திசையிலும் பார்க்கும் முறையை, பங்கி நிறுவனம் மேக்கின்டாஷுக்காக வெளியிட்ட 'மாரத்தான்' (1994), பெதஸ்டாவின் 'டெர்மினேட்டர்: ஃபியூச்சர் ஷாக்' (1995) ஆகியவை முன்கூட்டியே கொண்டுவந்தன.

1996 ஜூனில் வந்த 'குவேக்' முழு முப்பரிமாண உலகைத் தந்தது. எதிரி தலைக்கு மேலும் இருப்பான், காலடிக்குக் கீழும் இருப்பான். ஆயினும் அதன் இயல்பு அமைப்பு பழைய அம்புக்குறி முறையாகவே இருந்தது. மவுஸ் பார்வையை நிரந்தரமாக்க 'எம்லுக்' கட்டளையை ஆடுபவரே இட வேண்டும். எந்த விசைக்கும் எந்த வேலையையும் ஒதுக்கும் சுதந்திரத்தைக் குவேக் கொடுத்ததால், ஆட்டக்காரர்கள் தத்தம் கைக்கேற்ற ஏற்பாடுகளைச் சோதித்துப் பார்த்தார்கள். 'திரெஷ்' என்ற பெயரில் ஆடிய டென்னிஸ் ஃபாங், 1997இல் 'ரெட் அனைஹிலேஷன்' என்ற குவேக் போட்டியில் வென்று, இட் சாஃப்ட்வேரின் ஜான் கார்மாக்கின் ஃபெராரி காரைப் பரிசாகப் பெற்றார். இடக்கை டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளிலும் வலக்கை மவுஸிலும் இருக்கும் அவரது முறை அதன்பின் வேகமாகப் பரவியது. 1998இல் வந்த 'ஹாஃப்-லைஃப்' அதையே இயல்பு அமைப்பாக்கியது.

ஜாய்ஸ்டிக்கும் கேம்பேடும்

புவியீர்ப்பில்லாத சுரங்கங்களில் விண்கலம் ஓட்டும் 'டிசென்ட்' (1995) ஆறு வகை அசைவுகளைக் கேட்டது. அங்கே ஜாய்ஸ்டிக்கே சிறந்த துணை. ஒரே பந்தைத் தள்ளியும் முறுக்கியும் ஆறு அசைவுகளையும் தரும் 'ஸ்பேஸ்ஆர்ப் 360' (1996) போன்ற கருவிகளும் வந்தன.

நின்டெண்டோ 64 விளையாட்டுக் கருவியின் கேம்பேடில், விரலால் எத்திசையிலும் சாய்க்கக்கூடிய அனலாக் குச்சி ஒன்றே ஒன்றுதான். 'டூரோக்' (1997) அதைப் பார்வைக்கு ஒதுக்கி, நடப்பதை மஞ்சள் பொத்தான்களுக்குக் கொடுத்தது. அதே ஆண்டின் 'கோல்டன்ஐ 007' குச்சியால் நடந்து திரும்பவைத்து, குறியைச் சரிசெய்யும் வேலையைப் பெரும்பாலும் தானே ஏற்றது. பிளேஸ்டேஷனில் 'ஏலியன் ரெசரெக்‌ஷன்' (2000) இடக் குச்சியால் நடந்து வலக் குச்சியால் பார்க்கும் முறையைத் தந்தபோது விமர்சகர்களிடமிருந்து கண்டனம் எழுந்தது. 2001 நவம்பரில் வந்த 'ஹேலோ' இதே முறையோடு, எதிரிமேல் பட்டதும் குறியின் வேகத்தைக் குறைக்கும் உதவியையும் சேர்த்து அதை உலக வழக்கமாக்கியது.

கருவிகளின் உட்கூறு

பந்து மவுஸில் மேசைத் தூசி உள்ளுருளைகளில் வளையமாகப் படிந்து குறியைத் திக்கவைக்கும். நகத்தால் சுரண்டி எடுத்தால்தான் சீராகும். 1999இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒளியியல் மவுஸ் பந்தையே நீக்கியது. யுஎஸ்பி மவுஸ்கள் இயல்பாக நொடிக்கு 125 முறை தம் நிலையைத் தெரிவித்தன. இன்றைய விளையாட்டு மவுஸ்கள் 1,000 முறையும் அதற்கு மேலும் தெரிவிக்கின்றன.

மலிவான விசைப்பலகைகளில் விசைகள் குறுக்கும் நெடுக்குமான கம்பி வலையில் இணைந்திருக்கும். சில மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால், நான்காவது விசையும் அழுத்தப்பட்டதுபோல் சுற்றுக்குத் தோன்றும். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க மூன்றாவது விசையையே பல விசைப்பலகைகள் புறக்கணித்துவிடும். ஓடிக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்து சுடுபவருக்கு இது உயிர்போகும் சிக்கல்.

இன்றைய தேர்வு

டூமின் மூலநிரல் 1997 டிசம்பரில் வெளியிடப்பட்டதால், இன்று பல புதிய வடிவங்களில் அதை ஆடலாம். மவுஸ் எடுப்பவர் முன்பின் நகர்வை அணைத்துவிட்டு, இடம் வலம் திரும்புவதற்கு மட்டும் வைத்துக்கொண்டால் மூல அமைப்பின் சுவை கெடாது. குவேக் தலைமுறைக்கு மவுஸும் டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளுமே பொருத்தம். விண்டோஸின் மவுஸ் முடுக்கத்தை அணைத்துவிட்டால் ஒரே கையசைவுக்கு எப்போதும் ஒரே அளவு திருப்பம் கிடைக்கும். கோல்டன்ஐ, ஹேலோ போன்றவற்றின் களங்களும் எதிரிகளின் வேகமும் குச்சிக்கென அளந்து அமைந்தவை. அவற்றைக் கேம்பேடில் ஆடுவதே முறை. மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்குக் கையை நகர்த்தாமலே பந்தை உருட்டும் டிராக்பால் நல்ல மாற்று.

கருவி மாறினால் விளையாட்டின் கடினமும் மாறும். விசைப்பலகையில் திணறடித்த டூம் அறை, மவுஸில் எளிதாகிவிடும். ஒரு பழைய விளையாட்டை அதன் காலத்தவர் உணர்ந்தபடி உணர விரும்புபவர் ஒரு முறையாவது அதன் இயல்பு அமைப்பில் ஆடிப் பார்க்க வேண்டும். அதன்பின் தமக்கு வசதியான கருவிக்கு மாறினால், எதை எளிதாக்கிக்கொண்டோம் என்பது தெளிவாகத் தெரியும்.