கொட்டாஞ்சேனை ஆலயங்களும் சமாதான வேண்டுதலும்: ஒரு வரலாற்று நோக்கு

கொழும்புத் துறைமுகத்தை அடுத்துள்ள கொட்டாஞ்சேனை, கால்நடையாகவே சுற்றிவரக்கூடிய சிறு பரப்பினுள் பல சமயங்களின் வரலாற்றை அடக்கியுள்ள பகுதியாகும். ஒல்லாந்தர் 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த வுல்வெண்டால் ஆலயம், புனித லூசியாள் பேராலயம், கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலம், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லிற் புதுக்கிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், மிகெட்டுவத்தே குணானந்த தேரர் வாழ்ந்த பௌத்த விகாரை என்பன ஒன்றுக்கொன்று அணித்தாய் நிற்கின்றன. இத்தகைய இடத்தில் எழுந்த சமாதான வேண்டுதல் எக்காலத்தும் ஒரே பொருளுடையதாய் இருந்ததில்லை. வேண்டுவோர் அதிகாரத்தின்கீழ் ஒடுங்கியிருந்தனரா, அதிகாரத்தின் அணைப்பில் நின்றனரா என்பதைப் பொறுத்து அதன் பொருள் வேறுபட்டது. அவ்வேறுபாட்டினைச் சில நிகழ்ச்சிகள் வாயிலாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மறைவில் நிகழ்ந்த வழிபாடு

போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்கம் அரசின் துணையுடன் பரவிற்று. சைவ, பௌத்த வழிபாட்டிடங்கள் பல அக்காலத்தில் இடிக்கப்பட்டன. 1656இல் கொழும்பு ஒல்லாந்தர் கைப்பட்டதும் நிலைமை தலைகீழாயிற்று. கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் அளிப்போர் மரண தண்டனைக்குரியர் என்னும் கட்டளை 1658இல் பிறந்தது. அரசின் துணையுடன் வளர்ந்த சமயம், அரசின் பகைக்கு ஆளாகி வாழ்வது யாதென்பதை முதன்முறையாகக் கற்றது.

1687இல் கோவையிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசே வாஸ் அடிகள், சிதறிக்கிடந்த மக்களை இரவு வேளைகளில் இல்லங்களிற் கூட்டி வழிபாடு நடத்தினார். இந்தக் கோவை தமிழகத்துக் கோயம்புத்தூர் அன்று. போர்த்துக்கேயரின் கோவா நகராகும். கண்டிக்குச் சென்ற அடிகள் ஒற்றரென ஐயுறப்பட்டு முதலிற் சிறையிடப்பட்டார். பின்னர் மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆதரவைப் பெற்றார். கிறிஸ்தவ ஒல்லாந்தர் மறுத்த வழிபாட்டு உரிமையைப் பௌத்த மன்னன் ஒருவன் வழங்கினான் என்பது ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது.

1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். குருவானவர் இல்லாத ஊர்களிலும் பொதுமக்கள் தாமே கூடிச் செபிக்க இவை உதவின. ஈழத்துக் கிறிஸ்தவத் தமிழ் இலக்கியத்தின் ஒரு பகுதி தடையின் விளைவாகவே தோன்றிற்று எனலாம். கொச்சிக்கடைத் திருத்தலமும் மறைந்து வாழ்ந்த குருவானவர் ஒருவரால் தொடங்கப்பட்டதென்பது மரபு. 1806இல் பிரித்தானியத் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர்மீதிருந்த தடைகளை நீக்கினார்.

2. ஒலித்த மணியும் ஓங்கிய கையும்

தடை நீங்கிய சமூகம் பிறரது உரிமையை எவ்வாறு மதித்தது? இவ்வினாவிற்கு 1883 தரும் விடை கசப்பானது. 1873இல் பாணந்துறை விவாதத்தின் வழி பௌத்த எழுச்சிக்கு வித்திட்ட குணானந்த தேரரின் விகாரையில் அவ்வாண்டு விழா நிகழ்ந்தது. மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று, பௌத்த ஊர்வலமொன்று கொட்டாஞ்சேனையை நோக்கி வந்தது. கிறிஸ்தவரின் புனித உருவங்களை இழிவுபடுத்தும் பொருட்கள் அதிற் கொண்டுவரப்படுகின்றன என வதந்தி பரவிற்று. ஆலய மணிகள் ஒலிக்க, நெற்றியிற் சிலுவை தீட்டிய கூட்டத்தினர் ஊர்வலத்தைத் தாக்கினர். பௌத்தர் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். கைதானோர்மீது போதிய சான்றில்லையென வழக்குகள் கைவிடப்பட்டன.

செபத்திற்கு அழைக்கும் மணி அன்று சண்டைக்கு அழைத்தது. நீதி கிடைக்காத பௌத்தர் சார்பில் கேணல் ஒல்கொட் 1884இல் இலண்டன் சென்று முறையிட்டார். 1885இல் வெசாக் பொது விடுமுறையாயிற்று. ஆகவே இந்நாட்டின் மதச் சுதந்திர வரலாற்றிற் கத்தோலிக்கர் பாதிக்கப்பட்டோராக மட்டுமன்றிப் பாதித்தோராகவும் இடம்பெறுகின்றனர்.

3. ஒரே திருச்சபை, இரு மொழிகள்

சுதந்திரத்தின் பின்னர் நிலைமை மீண்டும் மாறிற்று. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைக் கட்டடங்களுக்குள்ளேயே தங்கி எதிர்ப்புத் தெரிவித்தனர். 1966 முதல் 1971 வரை ஞாயிறுக்குப் பதிலாகப் போயா தினமே வார விடுமுறையாயிருந்தது. 1972ஆம் ஆண்டு யாப்பு பௌத்தத்திற்கு முதன்மை இடம் வழங்கிற்று. 1978ஆம் ஆண்டு யாப்பு அதனைப் பேணியவாறே மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் உறுதிசெய்தது.

எனினும் கிறிஸ்தவருக்குப் பெருஞ்சோதனையாயமைந்தது இனப்பிரச்சினையே. 1983 யூலை 25இல் வெள்ளவத்தையில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஒரே மந்திரத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் சொல்லிய மக்களிடையே தீயிட்டோர் தேடியது மொழியைத்தான். தமிழ்க் கிறிஸ்தவரைச் சமயம் காக்கவில்லை. அடைக்கலம் தந்த அயலவரும் இருந்தனர் என்பது மறக்கற்பாலதன்று. குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, சிங்களவர் அவ்வன்செயலுக்காக வெட்கித் தமிழரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டுமெனத் தமது மக்களுக்கு எடுத்துரைத்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் அவர் மறைந்தார். பெரும்பான்மை இனத்தவரான அவர், குற்றத்தை ஒப்புக்கொள்ளாத சமாதான வேண்டுதலில் உண்மையில்லை என்பதை உணர்த்தினார்.

4. மீண்டும் இல்லங்களுக்குள்

2019 ஏப்பிரல் 21, மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் ஆலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். செவ்வாய்தோறும் இந்துக்களும் பௌத்தரும் மெழுகுதிரி ஏற்றும் அந்தோனியார் திருத்தலம் குருதியில் நனைந்தது. மறு ஞாயிறு பொதுப் பூசைகள் நிறுத்தப்பட்டன. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை நிறைவேற்றிய பூசையை மக்கள் தொலைக்காட்சியிற் கண்டனர். ஒல்லாந்தர் காலம்போல் செபம் மீண்டும் இல்லங்களுக்குள் ஒடுங்கிற்று.

பழிவாங்கல் கூடாதென அவர் வேண்டினார். நகரில் 1883 போன்ற நிகழ்ச்சி நேரவில்லை. ஆயினும் மே மாதத்தில் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 2021 மார்ச் 7இல் கத்தோலிக்கர் கறுப்புடையுடன் பூசைக்குச் சென்று நீதி கோரினர். முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன கடமை தவறினார் எனத் தீர்ப்பளித்து, 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு 2023 சனவரி 12இல் உயர் நீதிமன்றம் பணித்தது. இங்கு வேண்டுதல் ஆலயத்தினுள் அடங்காது, அரசைப் பொறுப்புக்கூற வைக்கும் குரலாய் வளர்ந்தமை குறிப்பிடத்தக்கது.

5. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து ஒன்று தெளிவாகின்றது. தமக்கு மட்டும் கேட்கப்படும் மதச் சுதந்திரம் சலுகையே. அதனைப் பிறருக்கும் கேட்கும்போதே அது உரிமையாகின்றது. கொள்ளைநோய்க் காலத்தில், 2020 முதல் 2021 பெப்ரவரி வரை, முஸ்லிம்களின் உடல்கள் அவர்தம் சமய நெறிக்கு மாறாக எரிக்கப்பட்டன. அதற்கெதிராக எத்தனை ஆலயங்களில் வேண்டுதல் எழுந்ததென ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே வினவுதல் தகும். கண்டி மன்னனிடம் பெற்ற அடைக்கலத்தையும் 1883இல் ஒலித்த மணியையும் ஒருங்கே நினைவிற் கொள்ளும் சமூகமே அவ்வினாவிற்கு நேர்மையாய் விடையிறுக்க இயலும்.