யாழ்ப்பாண வரலாறு படிக்க எந்தப் புத்தகம் நல்லது?



"யாழ்ப்பாண வரலாறு படிக்க நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கோ" என்று உயர்தரப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கிறார்கள். ஒரே ஒரு புத்தகத்தைச் சொல்லிவிட்டுப் போக எங்களுக்கு மனம் வருவதில்லை. நாங்கள் புத்தகம் எடுக்கும்போது எதைப் பார்க்கிறோம் என்பதை இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

1. யார், எப்போது, யாருக்காக எழுதினார்?

நல்லூர் என்றவுடன் எல்லோரும் யாழ்ப்பாண வைபவமாலையைத்தான் எடுப்பார்கள். மயில்வாகனப் புலவர் அதை எழுதியது ஒல்லாந்தர் காலத்தில், ஓர் ஒல்லாந்த அதிகாரி கேட்டுக்கொண்டதற்காக. நல்லூர் அரசு 1619 இல் போர்த்துக்கேயரிடம் விழுந்து நூறு வருடத்துக்கு மேல் கழிந்துவிட்டது. அதனால் அரசர் கதைகளை அப்படியே நம்பிவிட முடியாது. சுவாமி ஞானப்பிரகாசர் 1928 இலேயே யாழ்ப்பாண வைபவ விமர்சனம் எழுதி அதைச் சோதித்துப் பார்த்தார். அதற்காக வைபவமாலையை ஒதுக்கவும் கூடாது. நல்லூரில் சோனகர் குடியிருந்ததையும், ஊரவரோடு பிணக்கு வந்து நாவாந்துறைப் பக்கம் பெயர்ந்ததையும் அது சொல்கிறது. பழைய அரசர் கதையை விட, தன் காலத்துக்குக் கிட்ட நடந்ததைப் புலவர் நன்றாக அறிந்திருக்க இடமுண்டு.

2. புதிய சான்று வந்தால் மாறத் தயாரா?

பேராசிரியர் கா. இந்திரபாலா 1965 இல் இலண்டனில் செய்த ஆய்வில், இலங்கையில் தமிழரின் பரவலான நிலையான குடியேற்றத்தைப் பத்தாம் நூற்றாண்டை ஒட்டித்தான் வைத்தார். அதன்பின் அகழ்வாய்வுகள் நடந்தன, கல்வெட்டுகள் கிடைத்தன. 2005 இல் வந்த நூலில், தமிழரும் சிங்களவரும் இந்த மண்ணின் பழைய மக்களிலிருந்தே உருவானவர்கள் என்று எழுதி, தன் பழைய முடிவைத் தானே மாற்றிக்கொண்டார். நாற்பது வருடத்துக்குப் பிறகும் இப்படித் திருத்தி எழுதுகிறவரை நம்பிப் படிக்கலாம்.

3. மற்றவரைப் பற்றி எப்படி எழுதுகிறார்?

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1888 இல் வெளியிட்ட கட்டுரையில் சோனகர் இனத்தால் தமிழரே என்றார். 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து அரபு வம்சாவளியை முன்வைத்தார். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்ற கேள்வி அந்த வாதத்தின் பின்னால் இருந்தது. ஒன்றை மட்டும் படித்தவருக்கு அது வெறும் இன ஆராய்ச்சி. இரண்டையும் படித்தவருக்கு அரசியலும் விளங்கும்.

4. 1990 ஒக்டோபர் 30 உள்ளே இருக்கிறதா?

அண்மைக்கால வரலாறு என்றால் நாங்கள் முதலில் தேடுவது இந்தத் திகதியை. அன்றைக்கு விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்து வெளியேறச் சொன்னார்கள். அந்த ஒக்டோபரில் வடக்கு முழுவதிலிருந்தும் வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். யாழ்ப்பாணத்தின் போர்க்காலத்தை எழுதுகிறோம் என்று சொல்லி இதை அரை வரியில் தாண்டும் நூலை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

ஆனால் ஆண்டையும் பாருங்கள். முறிந்த பனையில் இந்த வெளியேற்றம் இல்லை. அதை எழுதிய நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டெம்பரிலேயே கொல்லப்பட்டுவிட்டார். அவருடைய மகள் ஷாரிகா திராணகம 2011 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில் புத்தளத்துக்குப் போன வடபுல முஸ்லிம்களின் கதையும் இருக்கிறது. தாயின் நூலையும் மகளின் நூலையும் அடுத்தடுத்துப் படியுங்கள். பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ்வின் எழுத்துகளையும் தேடிப் பாருங்கள்.

5. இதே அளவுகோல் எங்களுக்கும்தான்.

1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டதைப் பக்கம் பக்கமாக எழுதி, அதே மாதம் வீரமுனையில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டதை விட்டுவிடும் நூல், எங்கள் ஆள் எழுதினாலும் அரைகுறைதான். எங்கள் துயரத்தை மற்றவர் எழுதவேண்டும் என்று கேட்கும் நாங்கள், அவர்களுடைய துயரத்தை எழுதாமல் இருக்கலாமா?

இது எங்கள் ஊரின் பிரச்சினை மட்டுமில்லை. அயர்லாந்தின் விடுதலைப் போர் முடிந்து சில மாதங்களில், 1922 ஏப்ரலில், கோர்க் மாவட்டத்தில் பத்துக்கும் மேற்பட்ட புரொட்டஸ்தாந்தர் கொல்லப்பட்டார்கள். பீற்றர் ஹார்ட் 1998 இல் அதை மதப் பகையோடு சேர்த்து எழுதினார். அவருடைய சான்றுகளை வேறு ஆய்வாளர்கள் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அந்த விவாதத்தால் பழைய கடதாசிகளை எல்லாரும் மறுபடி புரட்டினார்கள். எங்களுக்கும் அப்படியொரு விவாதம் வேண்டும்.

புத்தகம் வாங்கக் காசில்லை என்று யோசிக்க வேண்டாம். நூலகம் இணையத்தளத்தில் ஏராளமான ஈழத்து நூல்களும் பழைய பத்திரிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. 1981 இல் யாழ் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. அப்படி இழந்த ஊருக்கு இது பெரிய கொடை. ஒரு விஷயத்துக்கு இரண்டு புத்தகமாவது எடுங்கள், ஒன்று உங்களுக்குப் பிடிக்காததாக இருக்கட்டும்.

இன்னும் ஒன்று. 1990 இல் உடுத்த உடுப்போடு போனவர்கள் உறுதிகளையும் படங்களையும் கொண்டு போகவில்லை. அவர்களுடைய வரலாற்றில் பெரும்பகுதி இன்னும் மூத்தவர்களின் நினைவில்தான் இருக்கிறது. வீட்டில் வாப்பா, உம்மா, அப்பா, அம்மம்மா யார் இருந்தாலும் அவர்களிடம் கேட்டு, திகதி, இடம், பெயரோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நாளைக்கு நல்ல புத்தகம் எழுத வருகிறவருக்கு அந்தக் கொப்பி தேவைப்படும், இன்ஷா அல்லாஹ்.