இப்னு பதூதா கண்ட வெற்றிலைக் கொடி

வெற்றிலையை அரபியர் 'தன்பூல்' என எழுதுவர். ஒலிக்கும்போதோ அது 'தம்பூல்' ஆகும். நூனை அடுத்துப் பா வருமிடத்து மீமாகத் திரியும் இக்லாப் விதியை மதரஸாச் சிறுவரும் அறிவர். வடமொழியின் தாம்பூலமே பாரசீகத்தின் வழியாக அரபு மொழியில் இவ்வடிவம் பெற்றது. ஒரு சொல் கடல் கடந்து சென்றிருப்பின், அதன் பின்னே ஒரு பொருளும் ஒரு வழக்கமும் சென்றிருத்தல் வேண்டுமன்றோ?

சென்றதற்குச் சான்றுண்டு. கி.பி. 956இல் மறைந்த வரலாற்றாசிரியர் மஸ்ஊதி, தம் 'முரூஜுத் தஹப்' நூலில், மக்காவிலும் ஹிஜாஸின் பிற ஊர்களிலும் எமனிலும் மஸ்தகிப் பிசினுக்குப் பதிலாக மக்கள் இவ்விலையை மென்றுவந்ததைக் குறிக்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே புனித மண்ணில் நம் வெற்றிலை மணந்திருக்கிறது!

கொடியையே கண்டு எழுதியவர் இப்னு பதூதா. 1355இல் அவர் சொல்ல, இப்னு ஜுஸை எழுதி முடித்த 'ரிஹ்லா'வில், ஓமானின் தென்பகுதியிலுள்ள ளஃபாரைப் பற்றிய பகுதியில் இச்செய்தி வருகிறது. திராட்சைக்கு இடுவதுபோல் நாணல் பந்தலிட்டோ, தென்னையின் அருகே நட்டு அதன்மேல் ஏற்றியோ இதை வளர்ப்பர் என்கிறார். இது காய்ப்பதில்லை, இலையே இதன் பயன் என்றும் கூறுகிறார். நண்பன் வீட்டுக்கு வந்தவனுக்கு ஐந்து இலைகள் அளித்தால், உலகையே அளித்தது போலாம் என்று இந்தியரின் விருந்தோம்பலைப் போற்றுகிறார்.

'காய்ப்பதில்லை' என்னும் அக்கூற்றில் நுட்பம் உண்டு. வெற்றிலையில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. நம் நாட்டில் இது காய்ப்பது மிக அரிது. எனவே விதையிட்டு எவரும் வளர்ப்பதில்லை. முற்றிய கொடியில் மூன்று முதல் ஐந்து கணுக்கள் உள்ள துண்டை நறுக்கி, அடிக்கணுக்கள் மண்ணில் புதைய நடுவர். கணுவில் வேர் பிடிக்கும். நம் கொடிக்கால்களில் அகத்தியை முன்னரே வளர்த்து, அதன் நிழலில் கொடியை ஏற்றிக் கட்டுவர். வீட்டிலும் வளர்க்கலாம்: மட்கிய எருவிட்ட மண், அரைநிழல், பற்றிக்கொள்ள ஒரு கொம்பு, என்றும் ஈரம், ஆனால் அடியில் நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆகவே ளஃபாரில் அவர் கண்ட கொடியும் எவரோ ஒருவர் ஈரம் காயாமல் காத்துக் கப்பலேற்றிய துண்டின் வழிவந்ததாகவே இருத்தல் வேண்டும்.

இனி நம் கடமைக்கு வருவோம். இப்னு பதூதா கண்ட தாம்பூலத்தில் இலையும் பாக்கும் சுண்ணாம்பும் மட்டுமே இருந்தன; புகையிலை இல்லை. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியே பின்னாளில் வந்து சேர்ந்தது. புகையிலையை மட்டும் நீக்கினால் தீங்கு தீருமா எனில், தீராது. மெல்லுவோருக்குக் கிளர்ச்சி தரும் அரிக்கோலின் பாக்கிலுள்ளது. அந்தப் பாக்கே, புகையிலை சேராதபோதும், புற்றுநோய்க் காரணி என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது. வாய் திறக்கவொண்ணாதபடி உட்தசை இறுகும் நோயும் பாக்கினால் வருவதே.

தனக்கும் பிறர்க்கும் கேடு விளைத்தலாகாது என்பது ஷரீஅத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அறியாமல் நம் முன்னோர் அன்புடன் நீட்டிய தட்டை, அறிந்த பின்னும் நாம் நீட்டுவது எவ்வாறு அன்பாகும்? முன்னோரைக் குறைகூற வேண்டுவதில்லை. அவர்கள் போற்றியது விருந்தினரைத்தான், பாக்கையன்று.

ஆதலின் நிக்காஹ் வீட்டுத் தட்டிலிருந்து பாக்கும் புகையிலையும் விலகட்டும். முற்றத்துக் கொடி தழைக்கட்டும். வரும் விருந்தினருக்கு வேர்பிடித்த கொடித்துண்டு ஒன்றை ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தனுப்புங்கள். ளஃபாருக்குக் கொடி சென்றதும் அப்படி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத்தான்.