அடையாற்றில் மாண்டிசோரி அம்மையார்

கோடை விடுமுறை வந்துவிட்டால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கமெல்லாம் குழந்தைகளுக்கான கலைப் பட்டறைகள் களைகட்டுகின்றன. களிமண் பிசைவது, இலையில் சாயம் தடவி அச்செடுப்பது, பழைய செய்தித்தாளில் பை ஒட்டுவது என்று பல வேலைகள். இதெல்லாம் இந்தக் காலத்துப் புதுமை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் இதன் வேர்களில் ஒன்று உலகப் போர்க் காலத்திலேயே நம் அடையாற்றில் ஊன்றப்பட்டது.

1939 நவம்பரில், ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதியின் அழைப்பை ஏற்று மரியா மாண்டிசோரி அம்மையார் மகன் மரியோவுடன் சென்னைக்கு வந்தார். அவருக்கு அப்போது 69 வயது. 1907-இல் ரோம் நகரின் ஏழைகள் குடியிருப்பில் குழந்தைகள் பள்ளி தொடங்கி உலகப் புகழ் பெற்ற மருத்துவர் அவர். பிரம்மஞான சபை வளாகத்தில் அவர் நடத்திய ஆசிரியர் பயிற்சிக்கு 300-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் அரசின் கணக்கில் இத்தாலியர்கள் எல்லாரும் எதிரிகள். மரியோவை முகாமில் அடைத்தார்கள். அம்மையாரை வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்றார்கள். ஆகஸ்ட் 31 அவருடைய 70-வது பிறந்தநாள். அதற்குப் பரிசாக மகனை விடுவித்தது அரசு. ஆனாலும் போர் முடியும்வரை அவர்கள் இந்தியாவிலேயே இருக்க வேண்டியதாயிற்று. அவருக்கு அது கஷ்டகாலம். நமக்கோ அது பெரிய லாபம்.

அம்மையார் ஓவியத்தை நேரடியாகச் சொல்லிக்கொடுக்க மாட்டார். முதலில் விரலைப் பழக்குவார். வட்டம், முக்கோணம் போன்ற உலோக வடிவங்களின் ஓரத்தைக் குழந்தை பென்சிலால் சுற்றி வரைந்து, உள்ளே வண்ணக் கோடுகளால் நிரப்பும். அடுத்து கண்ணைப் பழக்குவார். மரத்தில் வெட்டிய இலை வடிவங்களைத் தடவிப் பார்த்த குழந்தை, தோட்டத்துக்குப் போய் அதே வடிவ இலையைத் தேடும். கையும் கண்ணும் தயாராகிவிட்டால் கற்பனை தானாக வரும் என்பது அவர் கட்சி.

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கியபோது பல வயதுக் குழந்தைகளையும் சேர்த்துவைத்துப் பாடம் நடத்தினார். பாசியும் பெரணியும் ஓடையும் அங்கே பாடப்பொருளாயின. மண், மழை, புழு, மரம், மனிதர் என எல்லாமே ஒன்றுக்கொன்று உழைக்கின்றன என்பதைக் குழந்தை கண்டறிய வேண்டும் என்ற அவருடைய கொள்கை அங்கேதான் முழு உருவம் பெற்றது. அதைச் சொல்லும் 'டு எஜுகேட் தி ஹியூமன் பொட்டென்ஷியல்' என்ற நூலை 1948-இல் வெளியிட்டது நம் கலாக்ஷேத்ராதான்.

அந்தக் கலாக்ஷேத்ராவை 1936-இல் தொடங்கிய ருக்மிணி தேவிதான் பின்னாளில் மாநிலங்களவையில் விலங்குகளுக்காக வாதாடி, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தார். கலையும் உயிர்களிடத்தில் அன்பும் அவருக்கு இருவேறு பாடங்கள் அல்ல.

நம் வீடுகளிலும் இப்படி ஒரு பாடம் இருந்தது. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண்ணை அச்சில் அழுத்தி எடுத்து, குண்டுமணியால் கண் வைப்போம். பூஜை முடிந்து கிணற்றிலோ குளத்திலோ போட்டால் மண் மண்ணோடு சேர்ந்துவிடும். பிறகு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மைகள் வந்தன. அவை எளிதில் கரையாது. மேலே பூசிய சாயமோ நீரைக் கெடுக்கும். கடைசியில் 2020-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவற்றுக்குத் தடை சொல்ல வேண்டிவந்தது.

அதனால் இன்றைய பட்டறைகள் பெருகுவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஒரே ஒரு கவலை உண்டு. எல்லாம் பாதி தயாராக ஒரு பிளாஸ்டிக் பையில் வருகிறது. மீதியைப் புகைப்படத்துக்காக அம்மாவோ அப்பாவோ முடித்துவிடுகிறார்கள். குழந்தையால் செய்ய முடிந்ததை நாம் செய்து கொடுத்தால் அது உதவியல்ல, தடை என்பதுதான் அம்மையார் சொன்னதன் சாரம்.

பேரப்பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் ஒரு உருண்டை களிமண்ணைக் கையில் கொடுங்கள். தும்பிக்கை கோணலாக வந்தால் வரட்டும். திருத்த வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.