சொல்லும் நோன்பும்

1927ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், கதர் நிதி திரட்ட இலங்கை போந்த காந்தியடிகள் புத்தளம் கரையோரத்துச் சிலாபத்திற்கும் சென்றார். அவருடைய அறப்போருக்குப் பெயர் வாய்த்து அப்பொழுது ஏறத்தாழ இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன.

தென்னாப்பிரிக்காவில் இந்தியர் தொடங்கிய எதிர்ப்பினை வலியற்றோரின் கருவி என்றே ஆங்கிலேயர் கருதினர். ஆதலின், தகுந்த பெயர் வேண்டி 'இந்தியன் ஒப்பினியன்' இதழ் பரிசு அறிவித்தது. மகன்லால் காந்தி 'சதாக்கிரகம்' என்றார். அடிகள் அதனைச் 'சத்தியாக்கிரகம்' எனத் திருத்தினார். வாய்மையைப் பற்றி நிற்றல் என்பது அதன் பொருள்.

இதனோடு இணைந்த சொல் சட்டமறுப்பு. சட்டத்தை மறைவில் மீறுவோன் தண்டனைக்கு அஞ்சி ஒளிகின்றான். சட்டமறுப்பாளனோ அநீதிச் சட்டத்தை வெளிப்படையாக மீறித் தண்டனையைத் தானே ஏற்கின்றான். புத்தளத்து உப்பளங்களைக் கண்டோர்க்கு இஃது எளிதில் விளங்கும். ஆங்கிலேயர் ஆட்சியில் ஈழத்திலும் உப்பு அரசின் தனியுரிமையாகவே இருந்தது. 1930இல் தண்டியில் அடிகளும், கடலுக்கு அப்பால் வேதாரணியத்தில் இராஜாஜியும் எடுத்த உப்பு விலையால் அற்பமே. ஆயினும், மக்களின் உணவுக்கு வரி விதிக்கும் உரிமை எவர் தந்தது என்று அது பேரரசை வினவியது.

மூன்றாவது சொல் ஹர்த்தால். கடையடைத்து, வேலை நிறுத்தி எதிர்ப்புக் காட்டுதல். 1953 ஆகஸ்டு 12ஆம் நாள், அரிசி விலையேற்றத்தை எதிர்த்து இலங்கையில் ஹர்த்தால் நிகழ்ந்தது. அதில் வன்செயலும் கலந்தது, உயிர்கள் மாண்டன.

1956 யூன் 5ஆம் நாள், தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சியினர் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தனர். காடையர் தாக்கினர், அமர்ந்திருந்தோர் திருப்பி அடித்திலர். சட்டம் நிறைவேறிற்று. எனினும், சத்தியாக்கிரகம் என்னும் சொல்லின் பொருளை அவர்கள் தம் உடலால் எழுதிக் காட்டினர். சொல்லைக் கற்றல் எளிது. அதன் நோன்பைக் காத்தலே அரிது.